செங்கோடனை நான் உட்கார வைத்த விதம்

என் தங்கையின் தாலி இறங்கியது என்னால்தான். அறுத்த கை வேறொருத்தியுடையது. அதற்கு வழி விட்ட சொல் என்னுடையது. "தெரியாதுங்க" என்று சொன்னேன். தெரிந்திருந்தும் சொன்னேன். சாமிக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னேன்!

அவள் புருஷன் அன்றைக்கு உயிரோடு இருந்தான்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். முகம் தெரிந்தவர்களிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை... அதுவும் ஒரு குற்றம்தான்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. எடப்பாடியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். பிறகு தறியில் உட்கார்ந்தேன். குளித்து நீறு பூசாமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். கிருத்திகை விரதம் தவறியதில்லை. பங்குனியில் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்தே போய் வந்தவன். பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இத்தனை பக்தியும் சமயத்தில் எனக்கு ஒரு நல்ல சொல்லைக் கொடுக்கவில்லையே, அதைத்தான் சொல்கிறேன்.

யுத்தம் வந்தது. நூல் போயிற்று. எங்கள் தெருவில் காலை முதல் கேட்டுக்கொண்டிருந்த தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. ஒரு நாள் என் வீட்டிலும் நின்றது. சும்மா உட்கார்ந்திருக்கிற ஆம்பிளையைப் பார்க்க அவன் வீட்டுச் சுவருக்கே பிடிக்காது. அப்போதுதான் பரணில் கிடந்த காமிராவை இறக்கினேன்.

அது வந்த கதை சின்னது. மேட்டூர் அணை கட்டியபோது எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு குமாஸ்தா, வேலை முடிந்து ஊர் திரும்பும்போது, நான் நெய்த சேலை இரண்டை எடுத்துக்கொண்டு அந்த மரப்பெட்டியை என்னிடம் விட்டுப் போனார். முக்காலி ஒன்று, கறுப்புத் துணி ஒன்று, மருந்து பூசிய கண்ணாடித் தகடுகள் சில. தகட்டைப் பெட்டிக்குள் வைத்து, முன்னால் இருக்கும் மூடியைக் கழற்றினால் வெளிச்சம் உள்ளே போய் உருவம் பதியும். எவ்வளவு நேரம் கழற்றி வைப்பது என்பதில்தான் வித்தை இருக்கிறது. என்னிடம் கடிகாரம் ஏது? முருகன் பெயரால் எண்ணினேன். வெயிலில் இரண்டு முருகா. நிழலில் ஆறு முருகா. தறியில் கால் விடுகிற குழிக்குமேல் கம்பளியைப் போர்த்தி, உள்ளே சிவப்பு விளக்கோடு உட்கார்ந்து தகடு கழுவினேன்.

கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. நூல் தேடி வாரம் ஒருமுறை சேலம் போவேன். நூல் கிடைக்காது. வெறுங்கையோடு திரும்ப மனம் வராமல் இரண்டு படக்கடைகளின் முன்னால் போய் நிற்பேன். கோட்டைப் பக்கம் ஒன்று, செவ்வாய்ப்பேட்டையில் ஒன்று. அந்த இரண்டு பேரும்தான் என் குருமார்கள். அவர்களுக்கு அது தெரியாது.

கோட்டைக்காரர் ஜன்னலுக்கு எதிரே வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, அதில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தை முகத்தின் இருட்டுப் பக்கத்துக்கு அனுப்புவார். வாசலில் நின்றபடி பார்த்தேன். வீட்டுக்கு வந்து கஞ்சி போட்ட வேட்டியை எதிரில் கட்டி அதையே செய்தேன். முகம் உருண்டு வந்தது! அன்று சாமிக்குத் தேங்காய் உடைத்தேன்.

ஆனால் என் மனம் முழுக்கச் செவ்வாய்ப்பேட்டைக்காரரிடம்தான் இருந்தது. அவர் கடை வாசலில் ஒரு கண்ணாடி அலமாரி. அதன் மேல்தட்டில் மூன்று படங்கள். ஒரு கிழவர், ஒரு வியாபாரி, ஒரு இளைஞன். மூவரும் உயர்ந்த முதுகு வைத்த நாற்காலியில் லேசாகச் சாய்ந்து, மோவாய் வரை சால்வை போர்த்தி, மடியில் கைமேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் துல்லியத்தை என்னவென்று சொல்ல! புருவத்து மயிரை எண்ணலாம். நான் எடுத்த படங்களிலோ யாராவது மூச்சு விட்டிருப்பார்கள், தும்மியிருப்பார்கள், முகம் புகையாகப் போயிருக்கும்.

அந்த உட்காரும் விதத்தில்தான் சூட்சுமம் என்று முடிவு செய்தேன். தோள் எங்கே, தலை எவ்வளவு சாய்வு, சால்வையின் மடிப்பு எந்தப் பக்கம்... எல்லாவற்றையும் ஒரு நோட்டில் கோடு கோடாக வரைந்துகொண்டு வந்தேன்.

எங்கள் ஊரில் ஏழு பேரை அப்படி உட்கார வைத்தேன். எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தவர் சித்திரை வெயிலில் சால்வைக்குள் நெளிந்தார்.

"ஏனுங்க, எனக்குக் குளுரு காய்ச்சல்னு ஆருங்க சொன்னது? வேர்த்து ஊத்துதுங்க!"

"கொஞ்சம் பொறுங்க. சேலத்துல பெரிய மனுசங்க எல்லாம் இப்படித்தானுங்க உட்கார்றாங்க."

"அப்படீங்களா? அப்ப இன்னொரு போர்வையும் போடுங்க!"

ஏழு படமும் முன்பைவிடத் தெளிவாக வந்தன. கையில் வித்தை வந்துவிட்டது என்று நெஞ்சு நிமிர்ந்தது. அந்தப் படங்களைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைக் கடைக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தேன். தகடு வாங்குவது சாக்கு. அவர் வாயால் ஒரு பாராட்டு வாங்குவதுதான் ஆசை.

வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர். "யாருகிட்ட வேலை பழகினீங்க?" என்று கேட்டார். "உங்ககிட்டத்தானுங்க" என்றேன். "உங்களை இன்னிக்கித்தானே பாக்கறேன்!" என்று சிரித்தார். அலமாரியைக் காட்டினேன். சந்தோஷப்பட்டு என் படங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றாவது படத்தில் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"இவங்கெல்லாம் எப்பத் தவறினாங்க?"

"ஐயையோ! எல்லாரும் நல்லா இருக்காங்களுங்க. இவரு செக்குக்காரரு. காலையில பாத்துட்டுத்தான் வாரேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இப்போதும் கண்ணில் நிற்கிறது. எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மேல்தட்டுல இருக்கற மூணும் பொணத்தை உக்கார வெச்சு எடுத்ததுங்க. போர்வைக்குள்ள துண்டால நாற்காலியோட சேத்துக் கட்டியிருக்கும். வாய் பிளக்காம இருக்கத் தாடைக்கு ஒரு கட்டு. அதை மறைக்கத்தான் போர்வையை மோவாய் வரைக்கும் ஏத்தறது. கண்ணு நான் எழுதினது. தூரிகையால." கொஞ்சம் நிறுத்தி, "நல்லா எழுதியிருக்கேனில்ல?" என்றார்.



கப்பல் வராததால் தகடு வரவில்லை, இனி வருமென்ற நம்பிக்கையும் இல்லை என்று சொல்லி, இருந்த மூன்றை எனக்குக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தேன். ஊர் எல்லைக் கிணற்றில் கட்டிய வேட்டியோடு தலை முழுகினேன். ஈரத்தோடு எங்கள் தெருக்கோடி முருகன் கோயிலுக்குப் போய்ச் சூடம் ஏற்றி, அதன்மேல் கையடித்துச் சத்தியம் செய்தேன். உயிருள்ளவனை இனி அப்படி உட்கார வைக்க மாட்டேன், அப்பனே, இந்த ஏழு பேரையும் காப்பாற்று என்று அழுதேன்.

அந்த ஏழு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தினமும் அவர்கள் வீட்டு வழியாகப் போய் எட்டிப் பார்ப்பேன். செக்குக்காரர் திடமாக இருந்தார். ஒரு மாதம் போயிற்று. பயம் தெளிந்தது. பயத்தோடு சத்தியமும் தெளிந்துவிட்டது... இப்படித்தான் மனிதன் கெடுகிறானா? நீங்கள் சொல்லுங்கள்.

என் தங்கை பாவாயியை எங்கள் தெருவிலேயே கொடுத்திருந்தோம். அவள் புருஷன் செங்கோடன். கல்யாணமாகி இரண்டு வருஷம். குழந்தை இல்லை. கையோ காலோ ஏதாவது ஒன்று ஆடிக்கொண்டே இருக்கிற ஆள், வாய் அதைவிட. அவன் வீட்டுத் தறியும் நின்றுவிட்டது. ஒரு நாள் சேலம் போனவன் பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்தான்.

"நெய்யறதுக்கு நூலு இல்லைங்கறான். சுடறதுக்குக் குண்டு மட்டும் நெறையா இருக்குதாமா மச்சான்!" என்று சிரித்தான்.

பாவாயி அழவில்லை. என்னிடம் வந்து நின்றாள். "அண்ணா, அவரு முகத்தை ஒரு படம் புடிச்சுக் குடுங்ணா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அவன் புறப்படுகிற அன்று முற்பகல் என் வீட்டு முற்றத்துத் தாழ்வார நிழலில் உட்கார வைத்தேன். பிற்பகல் சங்ககிரியில் ரயில். பாவாயி அவனுக்குத் திருநீறு வாங்கிவரக் கோயிலுக்குப் போயிருந்தாள். என் சம்சாரம் அவனுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு அடுக்களையில் இருந்தாள். முற்றத்தில் நாங்கள் இருவர் மட்டும்.

முதல் தகட்டில் தலையைத் திருப்பினான். இரண்டாவதில் சிரித்தான். இரண்டையும் உடனே குழிக்குள் கழுவிப் பார்த்தேன். முகம் இருந்த இடத்தில் புகை. கையில் ஒரே தகடு!

"அசையாம இருக்கோணும்னா என்னையக் கட்டித்தான் போடோணும் மச்சான்" என்றான்.

அவன் விளையாட்டாகச் சொன்னது என் காதில் விளையாட்டாக விழவில்லை. முகத்தை எப்படித் துல்லியமாக வாங்குவது என்று உலகத்தில் எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று... அதுவும் அப்போது முழுசாகத் தெரிந்திருந்தது. தங்கைக்காகத்தான் செய்தேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். ஒரு புருவத்து மயிராவது அந்த அலமாரிப் படத்தைப் போல வர வேண்டும் என்ற வெறி எனக்கு இருந்தது. அதுதான் உண்மை.

உயர்ந்த நாற்காலியைக் கொண்டுவந்தேன். துண்டால் அவன் மார்பைச் சேர்த்துக் கட்டினேன். தலை ஆடாமல் தாடைக்கு ஒரு கட்டு. சால்வையை மோவாய் வரை ஏற்றினேன். கைமேல் கை.

"என்ன மச்சான் இது! கடேசித் தேருல ஏத்தறவனைக் கட்டறாப்புலயே கட்டறீங்களே!"

"வாயை மூடு மாப்ள."

"மூடித்தானே கட்டியிருக்கறீங்க!" என்று கட்டுக்குள்ளிருந்தே சொன்னான்.

மூடியைக் கழற்றினேன். முருகா என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஆறு வரை. முற்றத்தில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. மூடினேன்.

அவிழ்த்துவிட்டதும் கைகளைத் தேய்த்துக்கொண்டு எழுந்தான். "ஏன் மச்சான், உங்க ஊட்டு முத்தம் இப்படிக் குளுருது?" என்றான். வெயில் தலைக்குமேல் நின்றது.

பாவாயி திருநீறோடு வந்தாள். அவன் நெற்றியில் பூசினாள். "போயிட்டு வாரேன் அம்மிணி" என்றான். போனான்.

அவன் ரயிலேறியிருக்கும் நேரத்துக்கு நான் குழிக்குள் அந்தத் தகட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். சால்வையின் கரை, உதட்டு வெடிப்பு, மூக்குத் தண்டில் சின்ன வயசில் விழுந்த தழும்பு... ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. என் கையால் அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒரு படம் வந்ததில்லை. கண்கள் மட்டும் இல்லை! ஆறு எண்ணுவதற்குள் இமைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெளுத்த குழிகள்.

என்ன செய்திருக்க வேண்டும்? தகட்டை உடைத்துவிட்டு, படம் கெட்டுப்போயிற்று அம்மிணி என்று சொல்லியிருக்கலாம். நான் காகிதத்தில் அச்செடுத்து, தூரிகையை எடுத்து, மூன்று நாள் உட்கார்ந்து அவனுக்குக் கண் எழுதினேன். செவ்வாய்ப்பேட்டைக்காரர் பிணத்துக்குச் செய்ததை நான் உயிருள்ளவனுக்குச் செய்தேன்.

பாவாயி படத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். வெகு நேரம் பார்த்தாள்.

"மூக்கு அவருது. வாயி அவருது. பாக்கறது ஆருங்ணா?"

"படத்துல அப்படித்தான் தெரியும் சாமி" என்றேன்.

அவளுக்கு வேறு கதி? அதையே தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

செங்கோடனிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. கடல் தாண்டி இருப்பதாக எழுதியிருந்தான். மச்சான் எடுத்த படத்தில் ஒரு பிரதி அனுப்பச் சொல்லியிருந்தான். நான் அனுப்பவில்லை. அவன் கண்ணுக்கு அந்தப் படம் படக்கூடாது என்று இருந்தது. பிறகு அந்தப் பக்கமெல்லாம் எதிரி கையில் விழுந்தது என்று ஊரில் பேசினார்கள். சர்க்காரிடமிருந்து காகிதம் வந்தது. ஆளைக் காணவில்லை என்று அதில் இருந்தது. இறந்தான் என்று இல்லை.

ஒன்றரை வருஷம். சேதி இல்லை. செங்கோடனின் தாய் படுக்கையில் விழுந்தாள். மகன் கனவில் வந்து தண்ணீர் தண்ணீர் என்று நிற்பதாகப் புலம்பினாள். அவன் போய்விட்டான், காரியம் செய்யாததால் ஆத்மா தாகத்தோடு அலைகிறது என்று வீட்டில் பேச்சு எழுந்தது. சேலத்திலிருந்து அவன் பெரியப்பா அர்த்தநாரி வந்தார். குடும்பத்துக்கு மூத்தவர். அவர் சொல்தான் முடிவு.

பாவாயி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஆருங்க பாத்தது? பாத்தவங்க வந்து சொல்லட்டுமுங்க. அதுவரைக்கும் இது என் கழுத்தை உட்டு எறங்காது."

பெரியவர் அதட்டவில்லை. "செரி சாமி. மனுசன் பேச்சு வேண்டாம். ஆண்டவனைக் கேப்போம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் தீராத காரியத்துக்குப் பூக் கேட்பது வழக்கம். சாமியின் வலத் தோளில் ஒரு வெள்ளைப் பூ, இடத் தோளில் ஒரு சிவப்புப் பூ. வெள்ளை முதலில் விழுந்தால் இருக்கிறான். சிவப்பு விழுந்தால் இல்லை. அதே முருகன் கோயிலில் விடியற்காலம் பூ வைத்தார்கள். கேட்கப்படுகிறவனுடைய பொருள் ஏதாவது சன்னதியில் இருக்க வேண்டும் என்று பூசாரி சொன்னதால், பாவாயி அந்தப் படத்தைக் கொண்டுவந்து சாமியின் காலடியில் சாய்த்து வைத்தாள்.

உச்சி வேளை ஆயிற்று. எந்தப் பூவும் விழவில்லை.

இரண்டும் ஒட்ட வைத்த மாதிரி இருந்தன. பூசாரி வேர்த்தார். ஜனங்கள் முணுமுணுத்தார்கள். பாவாயி கண் கொட்டாமல் வெள்ளைப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது பெரியவர் குனிந்தார். படத்தைக் கையில் எடுத்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"இதை ஆரு எடுத்தது?"

"நானுங்க மாமா."

"என்ற பையன் காலராவுல போனப்ப செவ்வாய்ப்பேட்டைக்காரன் இப்படித்தான் உக்கார வெச்சான். இதே சாய்வு. இதே போர்வை. நான்தான் பக்கத்துல நின்னு தலையைப் புடிச்சேன்."

அலமாரியில் இருந்த அந்த இளைஞன்! அவர் மகனைத்தான் நான் நோட்டில் கோடு கோடாக வரைந்து வந்திருக்கிறேன்...

பெரியவர் என் அருகில் வந்தார். கோபமே இல்லை அவர் முகத்தில். இருந்திருந்தால் தப்பித்திருப்பேனோ என்னவோ.

"இங்க பாரு. தெரிஞ்சு இப்படி உக்கார வெச்சிருந்தா அது உன்ற வேல. அதுல ஒண்ணும் இல்ல, உன்னையத் திட்டிட்டுப் போயிருவேன். ஒண்ணும் தெரியாமெ உன்ற கை தானா இப்படி வெச்சிருந்தா, அது ஆண்டவன் வெச்சது. பூவுல சொல்லாததை அன்னிக்கே இதுல சொல்லிட்டான்னு அர்த்தம். சொல்லு. தெரிஞ்சு வெச்சியா, தெரியாம வெச்சியா?"

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

தெரிந்துதான் வைத்தேன் என்ற ஒரு வார்த்தை போதும். என் தங்கை தாலியோடு வீட்டுக்குப் போயிருப்பாள். என்ன ஆகியிருக்கும் எனக்கு? சொந்தத் தங்கை புருஷனை, ரயிலேறுகிற நாளில், தெரிந்தே பிணமாக உட்கார வைத்தவன் என்று ஊர் காறித் துப்பியிருக்கும். அந்த ஏழு பேரும் வாசலுக்கு வந்திருப்பார்கள். சூடத்தின்மேல் அடித்த சத்தியத்தை மீறியவன் என்று அந்தச் சன்னதியிலேயே தெரிந்திருக்கும். அவ்வளவுதான்! அதற்குமேல் ஒன்றுமில்லை!

"தெரியாதுங்க மாமா" என்றேன்.

பாவாயி முதன்முறையாகப் பூவிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, நல்லா நெனைச்சுப் பாத்துச் சொல்லுங்ணா. எதையாச்சும் பாத்து அதே மாதிரி வெச்சீங்களா? ஆராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா? சும்மா அப்படி வருமாங்ணா?"

வழியை அவளே திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நான் நுழைந்திருக்க வேண்டும்...

"இல்ல அம்மிணி. எனக்கு ஒண்ணுமே தெரியாது."

அவள் அப்புறம் கேட்கவில்லை. அண்ணன் பொய் சொல்ல மாட்டான் என்று அவளுக்கு நம்பிக்கை. கிருத்திகை விரதக்காரன் அல்லவா!

மூன்றாம் நாள் பூலாம்பட்டிக்குப் போய்க் காவிரிக் கரையில் காரியம் செய்தார்கள். உடல் இல்லாததால் தர்ப்பையில் உருவம் செய்து, முகத்துக்கு அந்தப் படத்தை வைத்தார்கள். தீ முதலில் அதில்தான் ஏறியது. என் கையால் எழுதிய கண்கள் கறுத்துச் சுருண்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊர் மூத்தவள் ஒருத்தி பாவாயியைத் தண்ணீருக்குள் அழைத்துப் போனாள். பாவாயி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தாலி இறங்கியவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். அண்ணன்தான் போட வேண்டும். நெய்கிறவன் வீட்டில் துணி இல்லாத காலம். சேலத்தில் அலைந்து வாங்கி வந்த வெள்ளைச் சேலையை என் கையாலேயே அவள்மேல் போர்த்தினேன். தோளில்தான் போர்த்தினேன். அவளே அதைக் கழுத்து மறைய இழுத்துவிட்டுக்கொண்டாள்.

காமிராவை அன்றே உடைத்தேன். அதனால் யாருக்கு என்ன?

இத்தோடு முடிந்திருந்தால்கூட, அவன் எப்படியும் போயிருப்பான் என்று மனத்தைத் தேற்றியிருப்பேன்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் ஓமலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் என்னைத் தேடி வந்தார். மெலிந்து, ஒரு காது கேளாமல், பட்டாளத்துச் சட்டை போட்டிருந்தார். தெருமுனைக் கிணற்றடியில் வைத்தே விசாரித்தார். செங்கோடனோடு சிறைப்பட்டு, கடலில் ஏதோ ஒரு தீவில் ஒன்றாகக் கிடந்தவராம்.

"என்ற மடியிலதானுங்க தலை வெச்சுப் போனாரு. காய்ச்சலு. ஆடி அமாவாசைக்கு ரெண்டு நாள் இருந்துச்சுங்க. நாள் மறக்காம இருக்க நாங்க சுவத்துல கோடு கிழிச்சு வெச்சிருந்தோம்."

எந்த ஆடி என்று கேட்டேன். சொன்னார். விரல் விட்டு எண்ணினேன். காவிரிக் கரையில் காரியம் செய்தது தை மாதம். அதற்கு அடுத்த வருஷத்து ஆடி அது. ஒன்றரை வருஷம்! ஒன்றரை வருஷம் அவன் அங்கே உயிரோடு இருந்தபோது இங்கே அவள் வெள்ளைச் சேலையில் இருந்திருக்கிறாள். முதல் வருஷத் திதியில் உயிருள்ள புருஷனுக்குப் பிண்டம் வைத்திருக்கிறாள்!

அவர் நிறுத்தவில்லை. அவருக்கு என்ன தெரியும்?

"எங்களுக்கெல்லாம் அவருதானுங்க தைரியம். குண்டு விழறப்பக்கூட, 'என்ற பொண்டாட்டி கழுத்துல தாலி கெடக்கற வரைக்கும் என்னைய எதுவும் தொடாது, என்ற பக்கத்துலயே இருங்கடா'ன்னு சிரிப்பாருங்க. நாங்களும் நம்பிக்கிட்டு ஒட்டிக்கிட்டே கெடப்போம்."



பிறகு நான் செய்ததைக் கேளுங்கள். அந்த மனிதரின் காலைத் தொட்டேன். என் தங்கை என் வீட்டில்தான் இருக்கிறாள், அவளிடம் எதுவும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் விழித்தார். வீட்டுக்கு வந்தார். பாவாயி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏதோ விளங்கிவிட்டது போலிருந்தது.

"ஏனுங்ணா, பட்டாளத்துல இருந்தீங்களா? எங்கூட்டுக்காரரைக் கண்டீங்களா? செங்கோடன்னு பேரு. மூக்குல தழும்பு இருக்கும்."

அவர் மோரைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரியாதுங்க அம்மிணி. நான் வேற பக்கம்."

வாசலைத் தாண்டியதும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இத்தனை தூரம் அவருக்காக நடந்து வந்தனுங்க." அவ்வளவுதான். போய்விட்டார்.

தாலியின் பலம் உண்மையா பொய்யா என்று படித்தவர்கள் வாதாடலாம். நான் நம்புகிறவன். என் சாமியையும் சாத்திரத்தையும் நம்பித்தான் வளர்ந்தேன். அந்த நம்பிக்கைப்படி பார்த்தால், என் தங்கையின் தாலியோடு நான் அவனையும் இறக்கிவிட்டேன். நம்பாதவனாக இருந்திருந்தால் ஒரு பாவத்தோடு போயிருக்கும்...

ஊர் இன்னமும் தை மாதத்தில்தான் அவனுக்குத் திதி கொடுக்கிறது. சரியான நாள் இந்த ஊரில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு நான் பச்சைத் தண்ணீரும் தொடுவதில்லை. பிள்ளைகளுக்காக ஒரு வேண்டுதல் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்றைக்கு அந்த நாள். காலையில் பாவாயி கேட்டாள்:

"ஏனுங்ணா, ஆருக்காக இருந்தா என்ன, நீங்க பட்டினி கெடக்க நான் மட்டும் எப்படிச் சோறு திங்கறது? போன வருசமே நானும் உங்ககூட இருந்துட்டேன். இனிமே வருசா வருசம் இருக்கறேன். உங்க வேண்டுதல் சீக்கிரமாப் பலிக்கட்டும்."

நான் தலையை ஆட்டினேன்.

அடுத்த அறையில் வெறுந்தரையில் சுருண்டு படுத்திருக்கிறாள். வெயில் இறங்கவில்லை, இன்னும் பாதிப் பகல் இருக்கிறது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் இல்லை அவளுக்கு. புருஷன் செத்த நாளில், அது தெரியாமலே, எனக்காக விரதம் இருக்கிறாள். எழுந்து போய்ச் சொல்லிவிடலாம் என்று இதை எழுதும்போது இரண்டு தடவை எழுந்தேன்.

இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டேன்.